பங்குனி மழையும் போடிமெட்டு இறக்கமும்: சாலைப் பந்தயப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

சூரியநெல்லிப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 20 வயது. கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியிலுள்ள சூரியநெல்லியில், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பெற்றோருடன் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். மே மாத முதல் வாரத்தில் சமவெளியில் ஒரு தேர்வுப் போட்டி இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் வண்டி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கி, தேனி வரை சமதரையில் போய்த் திரும்பி, மறுபடியும் மலையேறி வீடு வந்து சேர்வதுதான் என்னுடைய நீண்ட பயிற்சி. அப்பா மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவார்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்த ஆண்டு அந்தப் பனி பங்குனியிலும் விட்டபாடில்லை. விடியற்காலையில் எதிரில் வரும் ஜீப்பின் விளக்குகூடத் தெரியாத மூடுபனி, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், இரண்டு மணிக்கு இடியோடு மழை என்று ஒரே நாளில் மூன்று பருவங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பதினொன்றரை மணிக்கு மலையடிவாரத்து முந்தலில் இருந்து ஏறத் தொடங்கினேன். கீழே நல்ல வெயில். கடைசி வளைவுகளை எட்டுவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. கையுறையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. போடிமெட்டை அடைந்தபோது மேகம் சாலையிலேயே இறங்கியிருந்தது, தூறலும் தொடங்கியிருந்தது. மழைச்சட்டை அப்பாவின் வண்டியில் இருந்தது. அவர் பெட்ரோல் போடுவதற்காகப் போடியிலேயே பின்தங்கிவிட்டார். நின்றால் உடம்பு ஆறிவிடும் என்று பயந்து, நிற்காமல் பூப்பாறைப் பக்கம் இறங்கினேன். மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். விரல்கள் பிரேக் பிடியின் மேல் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியவில்லை. உடம்பு நடுங்கியதில் முன்சக்கரமும் சேர்ந்து படபடவென்று ஆடத் தொடங்கியது. எப்படியோ வேகத்தைக் குறைத்து, உள்பக்கத்து மண்மேட்டில் சாய்ந்து நின்றேன். அப்பா வந்து சேர்ந்தபோது தலைக்கவசத்தின் கொக்கியை என்னால் கழற்ற முடியவில்லை, அவர்தான் கழற்றினார். சாயாக்கடையில் கொடுத்த கட்டன் சாயாவை இரண்டு கைகளாலும் பிடித்தும் பாதி சிந்திவிட்டது. வண்டியை ஜீப்பில் ஏற்றித்தான் வீடு திரும்பினோம்.

என் பயிற்சியாளர் சமவெளியில் இருப்பவர். மழை, குளிர் என்று ஒரு நாளைக்கூடத் தவறவிடக் கூடாது, உடம்பு குளிருக்குப் பழகிவிடும் என்கிறார். வீட்டில் பழைய காந்த வகை ட்ரெயினர் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட நாள்களில் அதிலேயே ஓட்டினால் என் திறன் குறைந்துவிடுமா? வெளியே போவதென்றால் எப்படி உடுத்துவது, எப்படி இறங்குவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


மறையூர்க்காரன் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, முதலில் ஒன்று. அன்று நீங்கள் நின்றதுதான் சரி. அந்த நிலையில் இன்னும் இரண்டு வளைவு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் இருபத்தைந்தாவது வயதில், மறையூரை நோக்கி இறங்கும்போது அதே நடுக்கத்தோடு நிற்காமல் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தவன் நான்; காறை எலும்பு முறிந்து அந்தப் பருவமே போயிற்று.

உங்களை உறைய வைத்தது மழை என்று நினைக்காதீர்கள். மழைக்கு முன்பே நீங்கள் நனைந்திருந்தீர்கள். மிதிப்பவரின் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். 200 வாட் அளவில் மலையேறும் ஒருவர் கூடவே 600, 700 வாட் வெப்பத்தையும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். போடிப் பக்கத்து ஏற்றத்தில் அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் அவ்வளவு வியர்வை. உச்சியில் மிதிப்பதை நிறுத்திய நொடியிலேயே அடுப்பு அணைந்துவிடுகிறது, ஆனால் ஈரச் சட்டை அப்படியே இருக்கிறது. தண்ணீர், அசையாத காற்றைவிட 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு இறக்கத்தின் காற்று ஈரத்தை ஆவியாக்கி, மிச்சமிருக்கும் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் பொதுவாக 6 அல்லது 7 டிகிரி குறையும். போடிக்கும் போடிமெட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அவ்வளவுதான், மேகமும் மழையும் சேரும்போது அது இரட்டிப்பாகிவிடுகிறது. உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் 15 டிகிரியிலேயே விறைத்துப்போகலாம் என்பதைச் சமவெளியில் இருப்பவர்கள் நம்புவதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை போடிமெட்டில் நிற்பது. உலர்ந்த உள்பனியன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டையின் முதுகுப் பையில் எப்போதும் வைத்திருங்கள். அப்பாவின் வண்டியில் வேண்டாம், உங்கள் முதுகில் வையுங்கள். ஈரமானதைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, அதன் மேல் காற்றுத் தடுப்புச் சட்டையை அணிந்து புறப்பட மூன்று நிமிடம் போதும். பருத்தி வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ நல்லது. கைக்கு மாட்டும் குழாய் உறையும் முழங்கால் உறையும் சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும். ஏறும்போது ஜிப்பைத் திறந்து, இயன்றவரை குறைவாக உடுத்தி, குறைவாக வியர்க்கப் பாருங்கள். இறங்கும்போது மிதிப்பதை முழுவதும் நிறுத்தாமல் லேசான கியரில் காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள்.

ட்ரெயினர் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மூன்று நாள் வெளியே போகாததால் எந்தத் திறனும் குறைந்துவிடாது. காய்ச்சலோடு பத்து நாள் படுத்தால்தான் குறையும். வாரத்தில் உண்மையாகவே முக்கியமான பயிற்சிகள் இரண்டுதான்: ஒன்று கடும் உழைப்பு, மற்றொன்று நீண்ட தூரம். அவற்றுக்குக் கிழமை குறிக்காமல், இந்த மூன்று நாள்களுக்குள் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, வானம் தெளிவாக இருக்கும் காலையைப் பிடியுங்கள். கடும் உழைப்பை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். எட்டு நிமிடம் முழு முயற்சிக்குச் சற்றுக் கீழே, மூன்று நிமிடம் இளைப்பாறல், இப்படி நான்கு முறை. காந்த ட்ரெயினருக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பதால் இடி மழையில் கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. குளிர்ந்த காலைகளில் அதே உழைப்புக்கு இதயத் துடிப்பு சற்றுக் குறைவாகக் காட்டும். எண்ணை எட்ட வேண்டும் என்று கூடுதலாக மிதிக்காதீர்கள்.

குளிருக்கு உடம்பு பழகிவிடும் என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. நடுங்கி நடுங்கி ஓட்டிய நாளில் தசை வேலை செய்யாது, சர்க்கரை மட்டும் எரியும், அடுத்த இரண்டு நாள் காலும் வராது. தவிரவும் உங்கள் போட்டி மே மாதச் சமவெளியில். நீங்கள் பழக வேண்டியது வெயிலுக்கு. அதற்கு உடம்புக்கு இரண்டு வாரமாவது வேண்டும், அதற்குப் போடிப் பக்கத்து வெயில் உங்களுக்குக் கிடைத்த வரம்.


போடி சைக்கிள் கடை எழுதியது:

பாப்பா, முப்பது வருடமாகச் சைக்கிளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முன்சக்கரம் படபடத்தது உங்கள் நடுக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்கில்) ஆட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஆட்டம் இருந்தால் கைக்குத் தட்டும். ஓடும்போது இப்படி ஆடத் தொடங்கினால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும். ஒரு முழங்காலையோ இரண்டையுமோ மேல்குழாயோடு சேர்த்து அழுத்துங்கள், இடுப்பைச் சீட்டிலிருந்து லேசாக எடுங்கள், பின் பிரேக்கை மெதுவாகக் கொடுங்கள். ஆட்டம் அடங்கிவிடும். இதை வெயில் நாளில் நிதானமான இறக்கத்தில் பழகி வையுங்கள்; தேவைப்படும் நேரத்தில் யோசிக்க முடியாது.

என் கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் காற்றைக் கல்லு மாதிரி அடிக்கச் சொல்கிறார்கள். உங்கள் எடை 55 கிலோ அளவில் இருக்கும் என்றால், 25 மில்லிமீட்டர் டயருக்கு 80 பிஎஸ்ஐ தாராளம். மழை நாளில் 75 போதும். வண்டியில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் டயருக்கு மாறுவது அதைவிட நல்லது. ரிம் பிரேக் வண்டியில் முதல் சுற்றுகள் தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். ஆகவே இறக்கத்தில் அவ்வப்போது லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். பல வாரம் காய்ந்து கிடந்த சாலையில் பெய்கிற முதல் கால் மணி நேர மழைதான் பொல்லாதது. லாரிகள் சிந்திய டீசலும் டயர்த் தூளும் மேலே மிதந்து வரும். அதுவும் வளைவின் உள்மூலையில், பாரம் ஏற்றிய லாரி மூச்சு வாங்கி ஏறுகிற இடத்தில்தான் அதிகம். வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரத்தை விடாதீர்கள்.

வீடு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சங்கிலியைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டைகளைப் பார்த்து, அதில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் கிளறி எடுங்கள். போன வாரம் ஒரு பையனின் கட்டையிலிருந்து அரிசி அளவு துணுக்கு எடுத்தேன். ரிம் முழுவதும் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது.


கெண்ட் நகரத்துத் தேவிகுளத்தான் எழுதியது:

தேவிகுளத்தில் பிறந்து, வேலைக்காகப் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே உள்ளூர்க் கழகம் ஒன்றில் ஞாயிறுதோறும் ஓட்டுகிறேன்.

மறையூர் அண்ணன் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். மழை நாள்களை முழுவதும் திண்ணைக்கு ஒதுக்கிவிட்டால், போட்டி நாளில் கோடை மழை பிடித்துக்கொள்ளும்போது தங்கைக்கு ஈரச் சாலை புதிதாக இருக்கும். இங்கே மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் பெரிய ஒருநாள் பந்தயங்கள் எல்லாம் நடக்கின்றன. வெயிலில் புறப்பட்டு ஆலங்கட்டியில் முடிப்பது எங்களுக்குச் சாதாரணம். எங்கள் கழகத்தில் யாரும் உடம்பை இறுக்குவதற்காக மழையில் ஓட்டுவதில்லை. ஈரச் சாலையில் எவ்வளவு சாயலாம், எங்கே பிரேக் பிடிக்கலாம் என்பதைக் கற்பதற்காக ஓட்டுகிறார்கள். அதையும் வீட்டுக்கு அருகிலேயே, தெரிந்த சாலையில், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் செய்கிறார்கள். எங்கள் குழுவில் 70 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மழைச்சட்டையை மழை வந்த பிறகு போட மாட்டார், காற்று திரும்பியதுமே போட்டுவிடுவார்.

குளிரைத் தாங்குவதே வீரம் என்று பேசுபவர்கள் 1980 ஆம் ஆண்டு லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயத்தை எடுத்துக்காட்டுவார்கள். ஏப்ரல் மாதப் பனிப்பொழிவில் 174 பேர் புறப்பட்டு 21 பேர் மட்டுமே முடித்த பந்தயம் அது. பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். ஆனால் அன்று உறைந்த அவருடைய இரண்டு விரல்களில் உணர்ச்சி முழுமையாகத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 1988 ஜூன் 5 அன்று கவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தபோது அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் தலைமை நிலையைப் பிடித்து, இறுதியில் பந்தயத்தையே வென்றார். அவருடைய அணியினர் பனிச்சறுக்குக்கான கனத்த கையுறைகளையும் உடைகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். 2013 மார்ச் 17 அன்று மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் பனி கொட்டியபோது அமைப்பாளர்களே நடுவில் நிறுத்தி, வீரர்களைப் பேருந்தில் ஏற்றி, கணவாயைத் தாண்டிய பிறகு மறுபடியும் ஓட விட்டார்கள். உலகின் மிகச் சிறந்த வீரர்கள் பேருந்தில் ஏறிய பிறகு, நீங்கள் ஜீப்பில் ஏறியதற்காக வருந்த வேண்டியதில்லை.

கைகளுக்கு ஒரு யோசனை. மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, அதன் மேல் வழக்கமான கையுறையை அணியுங்கள். காற்று உள்ளே வராது. நெஞ்சுக்கு, பழைய காலத்து வீரர்கள் மலையுச்சியில் நிற்பவர்களிடம் நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். நானே பலமுறை செய்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. இங்கே 8 டிகிரி காலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது 3 டிகிரி போலத்தான் இருக்கும். அந்த ஒற்றைக் காகிதம் நெஞ்சைக் காப்பாற்றிவிடும்.


வண்டிப்பெரியார் அக்கா எழுதியது:

தங்கச்சி, அண்ணன்மார் எல்லோரும் உச்சியில் நின்று பனியனை மாற்று என்கிறார்கள். போடிமெட்டுச் சாலையோரத்தில் ஒரு பெண் எங்கே நின்று மாற்றுவாள் என்று யாரும் சொல்லவில்லையே. நான் குமுளிப் பக்கம் பத்து ஆண்டுகள் ஓட்டியவள், அதனால் எழுதுகிறேன். எப்போதும் ஒரே சாயாக்கடையில் நில்லுங்கள். அங்கே ஒரு பெண்மணி இருந்தால் முதல் நாளே பேசி வையுங்கள். இரண்டாம் வாரம் அவரே உள்ளறையைக் காட்டுவார். அது முடியாத நாளில், முழுவதும் ஜிப் வைத்த, முன்பக்கம் திறக்கும் உள்சட்டையை ஏறும்போது அணியாமல் பையில் வைத்திருந்து, மேல்சட்டைக்கு உள்ளே கையை விட்டே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு மூன்று முறை பழகிப் பார்த்தால் வந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குளிரில் தாகம் தெரியாது, பசியும் பிந்தித்தான் தெரியும், நடுக்கமோ உடம்பிலுள்ள சர்க்கரையைத் தின்றுவிடும். அன்று போடியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொண்டு, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். நான் மறையூர்ச் சர்க்கரையைச் சிறு உருண்டைகளாகத் தாளில் மடித்து எடுத்துப்போவேன். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெல்லத்தைவிட எந்த ஜெல் பாக்கெட்டும் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை. அப்பாவின் பிளாஸ்கில் சுக்குக் காப்பி இருக்கட்டும்.

இனி நான் சொல்வதை வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கத்துச் சாலையில் மூடுபனி விலகுவதற்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. யானைக்கும் உங்களைத் தெரியாது, உங்களுக்கும் யானை தெரியாது. நன்றாக விடிந்து, பால் வண்டியும் முதல் ஜீப்புகளும் போன பிறகு புறப்படுங்கள். அதேபோல் கோடை இடி நம் மலைகளில் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் தொடங்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் காத்திருங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. காலையில் பனியும் யானையும், மாலையில் இடியும் என்றால் நமக்கு மிஞ்சுவது ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரைதான். பயிற்சியை அதற்குள் அடக்குங்கள். தேனிக்குப் போய் வருவதைக் குறைத்து, மலையேற்றத்தை முன்கூட்டியே தொடங்கியிருந்தால் அன்று மேகம் இறங்குவதற்குள் பூப்பாறையைத் தாண்டியிருப்பீர்கள்.


சூரியநெல்லிப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: போடியில் ஒரு வாழைப்பழம் மட்டும்தான் சாப்பிட்டேன். வெயிலில் பசிக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னதை வைத்து இந்த வாரம் இப்படிச் செய்தேன். செவ்வாய்க்கிழமை மழை, திண்ணையில் எட்டு நிமிடக் கணக்கை நான்கு முறை முடித்தேன். வியாழக்கிழமை தூறலில், கெண்ட் அண்ணன் சொன்னபடி லயத்துக்கும் சூரியநெல்லிக் கடைவீதிக்கும் நடுவிலுள்ள இறக்கத்திலேயே 40 நிமிடம், 75 பிஎஸ்ஐயில், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிப் பழகினேன். முதல் மூன்று முறை வளைவுக்குள்ளேயே பிரேக் பிடித்துவிட்டேன், பிறகுதான் வந்தது. ஹெட்செட்டில் உண்மையாகவே லேசான ஆட்டம் இருந்தது. அப்பா ஆலன் சாவியால் இறுக்கிக் கொடுத்தார்.

இன்று ஏழு மணிக்குப் புறப்பட்டு, தேனிக்குப் போகாமல் போடியிலிருந்தே திரும்பி, பத்தரை மணிக்குள் போடிமெட்டுக்கு ஏறிவிட்டேன். வெயில்தான் அடித்தது, மழையின் அடையாளமே இல்லை. இருந்தாலும் நின்றேன். சாயாக்கடை அக்கா உள்ளே போகச் சொன்னார். கழற்றிய பனியனைப் பின்வாசலில் பிழிந்தபோது ஒரு தம்ளர் தண்ணீராவது கொட்டியிருக்கும். அதை உடம்பில் போட்டுக்கொண்டுதான் போன வாரம் இறங்கியிருக்கிறேன். நாளிதழையும் செருகிக்கொண்டேன். பூப்பாறை வரை விரல்கள் என் சொல்படி கேட்டன.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஏறும்போது குறைவாக உடுத்தச் சொன்னீர்கள். ஆனால் காலையில் முதலில் வருவது பூப்பாறைக்கு இறக்கம்தான். உடம்பு சூடேறுவதற்கு முன்பே குளிரில் இறங்க வேண்டியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது?


மறையூர்க்காரன் எழுதியது:

புறப்படுவதற்கு முன் ட்ரெயினரில் 15 நிமிடம் லேசாக மிதியுங்கள். நெற்றியில் வியர்வை அரும்பியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் மறுபடியும் ஈரம். நேரம் இருக்கும் நாளில் முதலில் பெரியகானல் பக்கம் கேப் ரோட்டை நோக்கி அரை மணி நேரம் ஏறிவிட்டு, உடம்பு சூடான பிறகு திரும்பி, காற்றுத் தடுப்புச் சட்டையை மூடிக்கொண்டு பூப்பாறைக்கு இறங்குங்கள். அதைப் போடியில் கழற்றி மடித்து முதுகுப் பையில் வையுங்கள்; மேலே திரும்பி வரும்போது அதே சட்டைதான் வேண்டியிருக்கும். கெண்ட் தம்பி சொன்ன ஈரச் சாலைப் பழக்கத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன், வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி இரண்டு வாரம் மட்டும் அதையும் விட்டுவிட்டு, முடிந்தவரை போடிப் பக்கத்து வெயிலிலேயே ஓட்டுங்கள்.